கால் மாத்திரை

தரமணியில் மே மாதம்.
ஏசி மட்டும் இருபத்துநான்கு என்று சாதித்துக்கொண்டிருக்கிறது.
ஒரு ரூபாய் நாணய அளவில் நீலக்கல் சன்னல்,
அதற்குப் பின்னால்
எஃகுக்குள் அடைபட்ட கரியமிலவாயு.
கீழே திரவம், மேலே வாயு,
நடுவில் ஒரு கோடு,
பாதி நிறைந்த தண்ணீர் பாட்டிலில் தெரியுமே, அப்படி.

துளசிங்கம் கடைசி நட்டை முறுக்கிவிட்டு
உருளைக்குக் காதைக் கொடுத்துக் கேட்கிறார்.
மூன்று தடவை. கசிவு இல்லை.
வியாசர்பாடியில் கேஸ் வெல்டிங் பழகியவர்,
சோப்புநுரையை அவ்வளவாக நம்புவதில்லை.

இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.

இருபத்தேழு.
இருபத்தொன்பது.
நாங்கள் எதையும் தொடவில்லை,
சென்னைதான் தொட்டது.
முப்பதில் கோடு தடித்துக் கலங்கி
கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்தது.
முப்பத்தொன்றைத் தாண்டியபோது
இல்லை.
கொதிக்கவில்லை. ஒரு குமிழிகூட வரவில்லை.
"கோடு எங்க போச்சு மேடம்?"

மாறுநிலை வெப்பநிலை: வரையறு.
பதினொன்றாம் வகுப்பு, இரண்டு மதிப்பெண்.
செங்குன்றம் அரசுப் பள்ளியில்
எதையும் பார்க்காமலே இரண்டும் வாங்கியவள் நான்.
இந்த ஊரில் அந்தக் கோட்டைக் காப்பாற்றத்தான்
மின்சாரம் வேண்டும்,
அழிப்பதற்கு ஒரு மதியம் போதும்.
அதையெல்லாம் விட்டுவிட்டு
"ரெண்டும் ஒண்ணாயிடுச்சு" என்றேன்.
அவர் கொஞ்ச நேரம் சன்னலையே பார்த்தார்.
"சரி, எது ஜெயிச்சுது?"

மூன்று மணிக்கு ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
நாற்பது டிகிரி, நூறு மடங்கு காற்றழுத்தம்.
ஊசித்துளை வழியே உள்ளே அனுப்பினோம்
மெத்தனாலில் கரைத்த சிவப்பை.

இந்தச் சிவப்பை ஆறு மாதம் விழுங்கியிருக்கிறேன்,
வெறும் வயிற்றில், விடிவதற்குள்.
ஹாஸ்டலில் கேட்டவர்களுக்கு அது ரத்தசோகை மாத்திரை.
பறக்கும் ரயில் திருவான்மியூரைத் தாண்டும்போது
ஒருநாள் கண்ணைத் துடைத்தேன்,
கைக்குட்டை ஆரஞ்சு மிட்டாயின் நிறத்தில்.
எதிர் இருக்கைப் பெண் குழந்தையைத் தூக்கி
அந்தப் பக்கத் தொடையில் வைத்துக்கொண்டாள்.
அவளைக் குறை சொல்ல
அன்றைக்கும் எனக்கு மூச்சு போதவில்லை.

துளையிலிருந்து வந்தது துளியாக உடையவில்லை.
பீடிப்புகை போலப் புரண்டு விரிந்து
தன் ஓரங்களை மறந்தது.
பிறகு
ஒரு மங்கல்.
துகளை யாரும் பார்க்கவில்லை,
அது சிதறடித்த வெளிச்சத்தைத்தான் பார்த்தோம்.

மாத்திரை என்றால் காலமும்தான்.
இலக்கண வகுப்பில் விரலைச் சொடுக்கிச் சொடுக்கி அளந்திருக்கிறோம்:
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
மகரம் குறுகினால் கால்.
அதற்கும் கீழே இறங்க
அன்று எங்களுக்கு வேலை இருக்கவில்லை.

கேமரா நொடிக்கு எட்டாயிரம் படம் எடுக்கும்.
ஜெனரேட்டர் நின்றபிறகும்
மடிக்கணினியில் ஒவ்வொன்றாய் நகர்த்தினேன்.
முப்பத்தொன்பது, சிவந்த புகை.
நாற்பது, சிவந்த புகை.
நாற்பத்தொன்று, அதே.
நாற்பத்திரண்டில் எல்லாம் பிறந்து முடிந்திருக்கிறது,
கோடி கோடியாய், மூத்தது இளையது தெரியாமல்.
பின்னோக்கி ஓட்டினால்
அத்தனையும் சமர்த்தாக ஊசிக்குள் திரும்புகிறது.
மறுபடி நாற்பத்தொன்று.
மறுபடி நாற்பத்திரண்டு.

வடிகட்டியில் தங்கியது பதினெட்டு மில்லிகிராம்.
துளசிங்கம் கையுறையைக் கழற்றிப் பார்க்கிறார்,
கட்டைவிரலில் எப்படியோ லேசான காவி.
"சோப்பு போட்டுக் கழுவுங்க அண்ணே."
"ம்." திரைப்பக்கம் குனிகிறார்.
"பொறக்கறது தெரிஞ்சுதா?"
"இல்ல. அந்த நேரத்துல கேமரா கண்ண மூடிட்டிருந்துச்சு."
"அதுக்குமா இமை இருக்கு?"

ஷட்டர் என்று சொல்ல வாயெடுத்தேன்.
இருக்கு, என்றேன்.